புதுச்சொல்லும் எடுத்துக்காட்டு வாக்கியமும்

நான்காம் ஆண்டுப் பாடம் ஒன்றில் 'ஈன்றது' என்னும் சொல் வருகிறது. பிள்ளைகளுக்கு அது புதிய சொல். ஆசிரியர் பலகையில் 'ஈன்றது – பெற்றது' என்று எழுதிப் போடுகிறார். பிள்ளைகள் பார்த்து எழுதிக்கொள்கின்றனர். அச்சொல்லை வைத்து வீட்டில் ஒரு வாக்கியம் அமைத்து வருமாறு அவர்களுக்குப் பணிக்கப்படுகிறது. மறுநாள் ஒரு மாணவனின் ஏட்டில், 'என் அண்ணன் ஓட்டப் பந்தயத்தில் முதற்பரிசை ஈன்றான்' என்று காணப்படுகிறது.

வகுப்பு சிரிக்கிறது. ஆசிரியரும் சிரிப்பை அடக்கிக்கொண்டு சிவப்பு மையால் ஒரு கோடு இழுக்கிறார். அம்மாணவன் செய்த பிழை யாது என்று சற்றே எண்ணிப் பார்த்தல் வேண்டும். பிள்ளை பெறுவதையும் பரிசு பெறுவதையும் தமிழ் ஒரே வினைச்சொல்லால் கூறுகிறது. 'ஈன்றது' என்றால் 'பெற்றது' என்று அவனுக்குச் சொல்லப்பட்டது. 'பெற்றான்' என்று தான் அறிந்த ஒரு நல்ல வாக்கியத்தை எடுத்து, அந்தச் சொல் இருந்த இடத்தில் புதுச்சொல்லை வைத்தான். சொன்னதைச் சொன்னபடி செய்த பிள்ளை அவன். பிழை அவன் அறிவில் இல்லை. அவன் கையில் கொடுக்கப்பட்ட சமன்பாட்டில் இருக்கிறது.

இத்தகைய பிழை தமிழ் வகுப்புக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்க உளநூல் அறிஞர் ஜார்ஜ் மில்லரும் அவருடன் பணியாற்றிய பேட்ரிசியா கில்டியாவும் 1987இல் வெளியிட்ட கட்டுரை ஒன்றில், அகராதியைப் பார்த்து வாக்கியம் எழுதிய பள்ளிப் பிள்ளைகளின் பிழைகளை எடுத்துக் காட்டினர். மண் அரிப்பைக் குறிக்கும் ஆங்கில வினைக்கு அகராதியில் 'தின்று போக்குதல்' என்ற கருத்தில் ஒரு தொடர் இருந்தது. அதே தொடருக்கு ஆங்கிலப் பேச்சில் 'உணவகத்தில் சாப்பிடுதல்' என்ற பொருளும் உண்டு. அந்தப் பொருளையே பற்றிக்கொண்ட ஒரு பிள்ளை, தன் குடும்பம் அடிக்கடி 'அரிக்கும்' என்று எழுதிவிட்டது. கடல் கடந்த அந்தப் பிள்ளைக்கும், முதற்பரிசை 'ஈன்ற' அண்ணனின் தம்பிக்கும் நேர்ந்தது ஒன்றே.

'காலமானார் – இறந்தார்' என்று மட்டும் கற்ற பிள்ளை, 'எங்கள் வீட்டுக் கோழி நேற்றுக் காலமானது' என்று எழுதினால் அதிலும் வியப்பதற்கு ஒன்றுமில்லை. அச்சொல் மக்களுக்கே, அதுவும் மதிப்புக்குரியவர்க்கே வழங்கும் என்பதை 'இறந்தார்' என்னும் ஒரு சொல் எவ்வாறு அவனுக்கு அறிவிக்கும்?

தொல்காப்பியர் காட்டும் வழி

ஒரு சொல்லுக்குப் பொருளாக வேறொரு சொல்லைக் கொடுப்பதில் உள்ள இடரைப் பழைய இலக்கண நூலாரே கண்டிருக்கின்றனர். தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் எட்டாம் இயலாகிய உரியியல், பயிலாத சொற்களை எவ்வாறு விளக்குவது என்பதையே பொருளாகக் கொண்டது. எல்லோரும் அறிந்த சொல்லை விளக்க வேண்டுவதில்லை, அறியாத சொல்லையே விளக்குதல் வேண்டும் என்று தொல்காப்பியர் அங்கே வரையறுக்கிறார். பொருளுக்குப் பொருள் கேட்டுக்கொண்டே போனால் அதற்கு எல்லை இராது என்றும் கூறுகிறார். 'பரிவு' என்றால் 'இரக்கம்', 'இரக்கம்' என்றால் 'கருணை', 'கருணை' என்றால் 'அருள்', 'அருள்' என்றால் மறுபடியும் 'இரக்கம்' என்று சுற்றி வருவதை இன்றைய பயிற்சி நூல்களில் எவரும் காணலாம்.

அப்படியாயின் வழி என்ன? ஒரு சொல்லின் முன்னும் பின்னும் வரும் சொற்களை நாடி, அவற்றோடு பொருந்த வைத்துப் பொருள் உணர்த்துக என்பது உரியியல் தரும் விடை. தொடர்மொழியால் உணர்த்துவதையும், சொல் குறிக்கும் பொருளையே காட்டி உணர்த்துவதையும் உரையாசிரியர்கள் விரித்துரைத்தனர். உணரும் வாயில் கேட்போனின் ஆற்றலைப் பொறுத்தது என்ற கருத்தும் அவ்வியலிலேயே உள்ளது. ஆசிரியர்க்கு இது முக்கியமானது. வகுப்பில் முப்பது பிள்ளைகள் இருந்தால் உணரும் வாயில்களும் முப்பது.

'கடி' என்னும் உரிச்சொல் தமிழாசிரியர் யாவரும் அறிந்தது. கடிநகர் என்னும்போது காவல். கடிவேல் என்னும்போது கூர்மை. கடிமாலை என்னும்போது மணம். தனியே நிற்கும் 'கடி'க்கு எந்தப் பொருளைச் சொல்வது? பக்கத்தில் நகரோ வேலோ மாலையோ வந்து நின்ற பிறகுதான் பொருள் தெளிவாகிறது. பயிலாத சொற்களுக்கு மட்டும் உரிய நிலை இது என்று கொள்ள வேண்டாம். 'எடு', 'பிடி', 'போடு' போன்ற நாள்தோறும் வழங்கும் சொற்களும் இப்படியே துணை பற்றித்தான் நிற்கின்றன. மழை பிடிக்கும், சளி பிடிக்கும், அடம் பிடிக்கும், படம் பிடிக்கும். மீனும் பிடிக்கலாம், மீன் குழம்பும் பிடிக்கலாம்.

எல்லா வாக்கியமும் எடுத்துக்காட்டு ஆகுமா?

பொருளை விட்டு வாக்கியத்தைக் கொடுத்துவிட்டால் மட்டும் இடர் தீர்ந்துவிடாது. எடுத்துக்காட்டு என்ற பெயரில் பலகையில் எழுதப்படும் வாக்கியங்களிற் பல எதையும் எடுத்துக் காட்டுவதில்லை. 1983இல் இசபெல் பெக், மார்கரெட் மெக்கியோன், எலன் மெக்காஸ்லின் ஆகிய மூவர், பள்ளி வாசிப்பு நூல்களிலுள்ள கதைகளில் புதுச்சொற்கள் வரும் இடங்களை ஆராய்ந்தனர். அச்சொற்களை மையால் மறைத்துவிட்டு, அங்கே எச்சொல் இருந்திருக்கும் என்று வளர்ந்தவர்களையே கேட்டனர். சில இடங்கள் சொல்லை நேரே காட்டின. சில இடங்கள் ஓரளவு திசை காட்டின. சில எதையும் காட்டவில்லை. சில தவறான திசைக்கே இழுத்துச் சென்றன. கடைசி வகையில் ஏறக்குறைய எவராலும் சரியான சொல்லைக் கண்டுபிடிக்க இயலவில்லை. படித்து முடித்தவர்க்கே இந்த நிலை என்றால் பத்து வயதுப் பிள்ளைக்குச் சொல்ல வேண்டியதில்லை.

'தயங்கு' என்னும் சொல்லை வைத்து இதனைப் பார்க்கலாம்.

'கண்ணன் தயங்கினான்.' இதில் இலக்கணப் பிழை இல்லை. ஆயினும் கண்ணன் என்ன செய்தான் என்று பிள்ளைக்குத் தெரியாது. ஓடினான், உறங்கினான், சிரித்தான் எதுவும் அவ்விடத்தில் பொருந்தும்.

'ஆற்று நீர் மிகவும் குளிர்ந்திருந்தது. கண்ணன் இறங்கத் தயங்கினான்.' இது சற்று மேல். ஆனால் குளிர் என்ற சொல் முன்னே நிற்பதால், 'தயங்கினான்' என்றால் 'நடுங்கினான்' என்று ஒரு பிள்ளை எண்ணிக்கொள்ளும். 'மறுத்தான்' என்று மற்றொன்று எண்ணும். இரண்டும் அறிவுள்ள ஊகங்களே, இரண்டும் தவறு.

'தலைமையாசிரியர் அறையின் வாசல் வரை வந்துவிட்ட கண்ணன், உள்ளே போகலாமா, திரும்பிவிடலாமா என்று முடிவு செய்ய முடியாமல், கதவில் வைத்த கையை எடுப்பதும் வைப்பதுமாகத் தயங்கி நின்றான்.' இங்கே சொல்லை மறைத்தாலும் பிள்ளை அந்த நிலையை அறிந்துகொள்ளும். சரியான சொல் வாயில் வராவிட்டாலும், கையைத் தூக்கியும் இறக்கியும் நடித்துக் காட்டும். அவ்வளவு போதும். பொருள் அதற்குள் போய்விட்டது. பெயர்தான் இனிப் போக வேண்டும்.

ஆசிரியர் தம் வாக்கியத்தைத் தாமே சோதித்துக்கொள்ள எளிய வழி இதுதான். வாக்கியத்தை எழுதியபின் புதுச்சொல்லை விரலால் மறைத்துக்கொண்டு படித்துப் பார்க்க வேண்டும். அவ்விடத்தில் பத்து வேறு சொற்கள் வந்து அமருமானால் வாக்கியம் இன்னும் முதிரவில்லை. 'அம்மா சந்தையில் ... வாங்கினார்', 'நான் ... பார்த்தேன்', 'எனக்கு ... பிடிக்கும்' ஆகிய மூன்றும் எந்தச் சொல்லையும் ஏற்றுக்கொள்ளும் சத்திரங்கள். அங்கே தங்கிய சொல் எதுவும் பிள்ளைக்கு உறவாவதில்லை.

இதற்கு நேர்மாறான குறையும் உண்டு. ஒரு புதுச்சொல்லை விளக்க எழுதிய வாக்கியத்தில் இன்னும் இரண்டு புதுச்சொற்கள் புகுந்துவிடுகின்றன. 'அறிஞரின் நுண்மாண் நுழைபுலம் கண்டு அவையோர் வியந்தனர்' என்று எழுதி, 'வியந்தனர்' என்பதை விளக்க முற்பட்டால், பிள்ளை நுழைபுலத்திலேயே நின்றுவிடும். நடை அழகில் பற்றுள்ள ஆசிரியர்களுக்கு இந்தச் சபலம் மிகுதி. ஒரு வாக்கியத்தில் ஒரு புதுச்சொல் என்பதே அளவு. மற்றவை யாவும் பிள்ளை கனவிலும் அறிந்தவையாக இருத்தல் வேண்டும்.

சொல்லின் சுற்றம்

பொருளோடு எடுத்துக்காட்டு வாக்கியத்தின் கடமை முடிந்துவிடவில்லை. ஒரு சொல் தன்னோடு எந்தச் சொற்களை அழைத்து வருகிறது, எந்த வேற்றுமை உருபை வேண்டுகிறது என்பவற்றை அகராதிப் பொருள் சொல்வதில்லை. வாக்கியம் மட்டுமே சொல்லும்.

தமிழில் ஐயம் எழும், பசி எடுக்கும், சினம் மூளும், பழி சுமத்தப்படும், வழக்குத் தொடுக்கப்படும், நோய் தொற்றும், விழா எடுக்கப்படும், முயற்சி மேற்கொள்ளப்படும். 'முயற்சி' என்பதன் பொருளை நன்கு அறிந்த பிள்ளையும், துணைவினை அறியாத காரணத்தால் 'முயற்சி கொடுத்தான்' என்று எழுதும். ஆகவே 'முயற்சி' என்னும் சொல்லைக் கற்பிக்கும் ஆசிரியர், 'முயற்சி செய்தான்', 'முயற்சியை மேற்கொண்டான்', 'முயற்சியில் இறங்கினான்', 'முயற்சியைக் கைவிட்டான்' என்று அதன் சுற்றத்தையும் சேர்த்தே வகுப்புக்குள் அழைத்து வர வேண்டும்.

வேற்றுமை உருபுகளில் மலேசியப் பிள்ளைகளுக்குத் தனி இடர் ஒன்று இருக்கிறது. அவர்கள் ஒரே நாளில் தமிழ், மலாய், ஆங்கிலம் என்று மும்மொழி வகுப்புகளில் அமர்கின்றனர். மலாயில் நண்பனோடு சந்திப்பது இயல்பான வழக்கு. அந்த வார்ப்பிலேயே பிள்ளை, 'நண்பனுடன் சந்தித்தேன்' என்று தமிழில் எழுதிவிடுகிறது. தமிழில் 'நண்பனைச் சந்தித்தேன்' என இரண்டாம் வேற்றுமை வர வேண்டும். மலாயிலும் ஆங்கிலத்திலும் 'உதவு' என்னும் வினை நேரே செயப்படுபொருளை ஏற்கும். தமிழிலோ 'பாட்டிக்கு உதவினான்' என நான்காம் வேற்றுமை. 'பாட்டியை உதவினான்' என்று எழுதும் பிள்ளைக்கு 'உதவி' என்பதன் பொருள் தெரியாது என்று எவரும் சொல்ல இயலாது. தெரியாதது சொல்லின் நடத்தை.

'அஞ்சினான்' என்பதற்கு 'பாம்புக்கு அஞ்சினான்'. 'வெறுத்தான்' என்பதற்குப் 'பொய்யை வெறுத்தான்'. 'இணங்கினான்' என்பதற்கு 'வேண்டுகோளுக்கு இணங்கினான்'. இந்த உருபுகளை விதியாக மனப்பாடம் செய்விக்கும் வழக்கம் முன்னொரு காலத்தில் இருந்தது. அதனினும், அவ்வுருபு காதில் விழும்படி அமைந்த மூன்று வாக்கியங்களை வாய்விட்டுச் சொல்ல வைப்பதே பிள்ளையின் நாவில் நிலைக்கும்.

அகராதி ஆக்கியோரும் இவ்வுண்மையை உணர்ந்தே வந்திருக்கின்றனர். 1924 முதல் 1936 வரை தொகுதி தொகுதியாக வெளிவந்த சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி, பொருளுக்குச் சான்றாக இலக்கிய ஆட்சியைக் காட்டிற்று. 1992இல் முதற்பதிப்புக் கண்ட க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி, இக்கால உரைநடை வாக்கியங்களை எடுத்துக்காட்டாகத் தந்தது. பின்னர் 2008இலும் 2020இலும் அது விரிந்த பதிப்புகளாக வந்தது. ஆங்கிலத்தில் 1987இல் வெளிவந்த காலின்ஸ் கோபில்ட் அகராதி இன்னும் ஒரு படி சென்று, பொருள் விளக்கத்தையே முழு வாக்கியமாக எழுதியது. ஆசிரியர் அறையில் க்ரியா அகராதி ஒன்று இருப்பது நன்று. எனினும் அதன் வாக்கியங்கள் வளர்ந்தவர்க்கு எழுதப்பட்டவை. அப்படியே பலகைக்கு ஏற்றுவதற்கு உரியவை அல்ல.

ஒலி நெருங்கிய சொற்களைப் பற்றி ஈண்டு ஒன்று சொல்லியாக வேண்டும். 'வேறுபாடு விளங்க வாக்கியம் அமைக்க' என்னும் பயிற்சி நெடுங்கால வழக்கு. அரை – அறை, வலி – வழி – வளி, பனி – பணி என்று இணை இணையாகக் கொடுத்து, 'அரை மணி நேரம் அறையில் இருந்தான்' என்பது போன்ற வாக்கியங்களைப் பிள்ளைகள் எழுதுகின்றனர். இரு சொற்களையும் முன்பே அறிந்த பிள்ளைக்கு இது நல்ல பயிற்சி. அறியாத பிள்ளைக்கு இரண்டையும் ஒரே நாளில் கற்பித்தால் எது எதுவென்று கலங்கிப் போகும். பேச்சில் ரகரமும் றகரமும் ஒன்றாகவே ஒலிக்கும் இந்நாட்டுச் சூழலில் காதும் அதற்குத் துணை வராது. ஒன்றை முதலில் கற்பித்து, அது ஊன்றிய பிறகு சில வாரம் கழித்து மற்றதைக் கொண்டு வருதலே தக்கது. சொற்கற்பித்தல் துறையில் அறியப்பட்ட நியூசிலாந்து அறிஞர் பால் நேஷனும், நெருங்கிய சொற்களைச் சேர்த்துப் புதிதாகக் கற்பிப்பதன் இடரை 2000ஆம் ஆண்டில் எழுதிய கட்டுரையில் எடுத்துரைத்துள்ளார்.

பிள்ளை அறிந்த உலகம்

போருக்கு முந்திய மலாயாத் தமிழ்ப் பள்ளிகளில் வழங்கிய வாசகங்கள் பெரும்பாலும் தமிழகத்திலிருந்து வந்தவை. அவற்றில் ஏர் உழுதனர், ஏற்றம் இறைத்தனர், மார்கழிப் பனியில் நடுங்கினர். ரப்பர்க் காட்டில் மரத்துக்கு மரம் ஓடிய தாய் தந்தையரின் பிள்ளைகள், தாம் கண்டறியாத வரப்பைக் கொண்டு தாம் கண்டறியாத மடையைக் கற்றனர். பின்னர் உள்நாட்டுப் பாடநூல்கள் வந்து அந்நிலையை மாற்றின. ஆயினும் எடுத்துக்காட்டு வாக்கியங்களில் அப்பழக்கத்தின் எச்சம் இன்னும் இருக்கிறது. 'இளவேனிலில் சோலை எழில் கொஞ்சியது' என்று 'எழில்' விளக்கப்படுகிறது. இந்நாட்டுப் பிள்ளை இளவேனிலை எங்கே கண்டது?

அதே பொழுதில், தோட்டத்துச் சொற்களே இன்றைய பிள்ளைக்கு உரியவை என்று கொள்வதும் பொருந்தாது. மங்கு, ஒட்டுப்பால், பெரட்டு, லயம், கங்காணி என்பவை பாட்டன் பாட்டியின் நினைவில் உள்ள சொற்கள். தோட்டங்கள் துண்டாடப்பட்டு, ரப்பர் இருந்த இடத்தில் செம்பனை வந்து, குடும்பங்கள் பட்டணத்து அடுக்குமாடி வீடுகளுக்குக் குடிபெயர்ந்து, பள்ளிகளும் சில இடம் மாறிவிட்டன. மங்கில் பால் நிறைவதை வைத்து 'ததும்பு' என்னும் சொல்லைக் கற்பித்தது ஒரு காலத்தில் பொன்னான எடுத்துக்காட்டு. இன்று அதே சொல்லுக்கு, 'பேருந்து குலுங்கியதும், மூடி இல்லாத குவளையிலிருந்த தேநீர் ததும்பி அக்காளின் சீருடையில் கொட்டியது' என்பது பொருந்தும். மூடுபனிக்குக் கேமரன் மலைச் சாலை இருக்கிறது. வெள்ளத்துக்குக் கிழக்குக் கரையின் பருவமழை இருக்கிறது. நெரிசலுக்குத் தைப்பூசத்தன்று பத்துமலைப் படிக்கட்டு இருக்கிறது.

மலாய்ச் சொல்லைக் கொண்டு பொருள் சொல்லலாமா என்று இளம் ஆசிரியர்கள் கேட்பதுண்டு. 'பொறுமை' என்றதும் விழிக்கும் பிள்ளை, 'சபார்' என்றதும் தலையாட்டும். அவசரத்துக்கு ஒரு முறை சொல்வதில் குற்றமில்லை. ஆனால் அதுவும் ஒரு சமன்பாடே. 'பிழை பொறுத்தருள வேண்டும்' என்ற இடத்திலும், 'பாரம் பொறுக்க மாட்டாமல் கிளை முறிந்தது' என்ற இடத்திலும் அந்த மலாய்ச்சொல் துணைக்கு வராது.

ஒரு பாடவேளை

அரை மணிப் பாடவேளையில் மூன்று சொற்கள் போதும். பத்துச் சொற்களைப் பலகையில் நிரப்புவது மேற்பார்வையாளர் கண்ணுக்கு நிறைவாக இருக்கும். பிள்ளையின் மனத்தில் ஒன்றும் தங்காது. 'பரிவு' என்னும் ஒரு சொல்லை எடுத்துக்கொண்டு பாடம் எவ்வாறு நடக்கலாம் என்று காண்போம்.

ஆசிரியர் சொல்லை எழுதாமலே வாக்கியத்தைச் சொல்கிறார்: 'காய்ச்சலில் கிடந்த பாட்டியின் தலைமாட்டில் அமர்ந்து, கஞ்சியை ஊதி ஊதி ஆற்றி, மீனா பரிவோடு ஊட்டினாள்.' பிறகு, 'மீனா எப்படி ஊட்டினாள்?' என்று கேட்கிறார். 'அன்பா', 'பாசமா', 'பாவமேன்னு' என்று விடைகள் பேச்சுத் தமிழில் வரும். வந்தபடியே அவற்றை ஏற்றுக்கொள்ள வேண்டும். இந்த இடத்தில் 'எழுத்துத் தமிழில் சொல்' என்று தடுத்தால், பொருளைத் தேடிச் சென்ற மனம் உருவத்தைத் தேடித் திரும்பிவிடும். 'பாவமேன்னு' என்று சொன்ன பிள்ளை பரிவுக்கு மிக அருகில் வந்துவிட்டது என்பதை ஆசிரியர் கவனிக்க வேண்டும். அன்பும் இரக்கமும் கூடிய இடம் அது.

இப்போது சொல் பலகைக்கு வருகிறது. இரண்டாம் வாக்கியம் வேறொரு சூழலில்: 'விழுந்து முழங்காலைச் சிராய்த்துக்கொண்ட சிறுவனைத் தூக்கி நிறுத்தி, "வலிக்கிறதா அய்யா?" என்று ஆசிரியர் பரிவுடன் கேட்டார்.' மூன்றாவதாக, சொல் பொருந்தாத இடம் ஒன்று: 'வெற்றி பெற்ற அணித்தலைவரைக் கூட்டம் பரிவோடு வரவேற்றது.' இது சரியா என்று கேட்டால் வகுப்பு இரண்டாகப் பிரியும். சரி என்போர் அன்பை நினைக்கின்றனர். தவறு என்போர் அங்கே துன்பப்பட்டவர் எவருமில்லையே என்பதைக் கண்டுகொண்டனர். அந்த வழக்காட்டத்தில்தான் சொல்லின் எல்லைக்கோடு பிள்ளைகள் மனத்தில் விழுகிறது. 'அங்கே என்ன சொல்லலாம்?' என்றால், 'ஆரவாரத்தோடு', 'உற்சாகமாக' என்று அவர்களே தருவர். அதன்பின் ஆசிரியர் பொருளைக் கூறலாம். முன்னே கூறினால் சமன்பாடு. பின்னே கூறினால் அறிந்ததற்கு இட்ட முத்திரை.

அன்றோடு அச்சொல்லை விட்டுவிடலாகாது. 1987இல் வில்லியம் நேகி, ரிச்சர்ட் ஆண்டர்சன், பேட்ரிசியா ஹெர்மன் ஆகியோர் வெளியிட்ட ஆய்வின்படி, இயல்பாகப் படிக்கும்போது ஒரு புதுச்சொல்லை ஒரு முறை கண்டு கற்றுக்கொள்ளும் வாய்ப்பு ஏறக்குறைய இருபதில் ஒன்று. தமிழ்ப் பிள்ளை 'பரிவு' என்ற சொல்லை எத்தனை முறை காணும்? வீட்டுப் பேச்சில் அது இல்லை, தொலைக்காட்சியில் அரிது, கதைநூல் கையில் எடுக்கும் பிள்ளைகள் சிலர். நிலைமை இன்னொரு வகையிலும் இறுக்கமானது. ஆறாண்டுத் தொடக்கக் கல்விக்குப் பின் பெரும்பாலோர் தேசிய இடைநிலைப் பள்ளிக்குச் செல்கின்றனர். அங்கே தமிழ் ஒரு பாடம் மட்டுமே; அதுவும் பதினைந்து மாணவராவது சேர்ந்தால்தான் வகுப்புக்கு வழி பிறக்கும். ஆகவே பள்ளியில் அச்சொல்லை மறுபடியும் சந்திக்க வைப்பது ஆசிரியர் கையிலேயே இருக்கிறது. இரண்டு நாள் கழித்துச் சொல்வதெழுதுதலில் ஒரு வாக்கியம். அடுத்த வாரம் வாசிப்புப் பத்தியில் ஒன்று. மாத முடிவில் கோடிட்ட இடம் நிரப்பும் பயிற்சியில் ஒன்று. ஒவ்வொரு முறையும் வாக்கியம் புதிதாக இருக்க வேண்டும். அதே மீனாவும் அதே கஞ்சியும் மறுபடி வந்தால் பிள்ளை மீனாவைத்தான் நினைவு கொள்ளும்.

பிள்ளையின் வாக்கியம்

தொடக்கப்பள்ளி மதிப்பீட்டுத் தேர்வு 2021இல் கைவிடப்பட்டது. அதற்கு முன், ஆறாம் ஆண்டு வகுப்புகளில் தேர்வுக்கென மனப்பாட வாக்கியங்கள் பழக்கப்பட்டு வந்தன. எந்தச் சொல் வந்தாலும் பொருந்தும்படி முன்கூட்டியே செய்து வைத்த வாக்கியங்கள் அவை. 'ஆசிரியர் பரிவு பற்றி விளக்கினார்' என்று எழுதினால் பிழை என்று அடிக்க இயலாது; பரிவு பற்றி அந்தப் பிள்ளைக்கு எதுவும் தெரியும் என்று சொல்லவும் இயலாது. தேர்வு போயிற்று. அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை. வகுப்பறை மதிப்பீட்டில் புள்ளி இடும் ஆசிரியர், பிழையற்ற வெற்று வாக்கியத்துக்கு முழுப்புள்ளி தந்துகொண்டிருக்கும் வரை அது போகவும் போகாது.

திருத்தும்போது ஆசிரியர் கைக்கொள்ளத்தக்க அளவுகோல், முன்பு சொன்ன விரல் மறைப்பேயாகும். பிள்ளையின் வாக்கியத்தில் புதுச்சொல்லை மறைத்துப் படித்தால் அச்சொல் மனத்தில் தோன்ற வேண்டும். 'அப்பா பூனையைப் பரிவோடு பார்த்தார்' என்ற ஏழாவது பிள்ளையின் வாக்கியத்தில் அது தோன்றவில்லை. 'ஏன் அய்யா? பூனைக்கு என்ன ஆயிற்று?' என்று ஓரத்தில் எழுதி ஏட்டைத் திருப்பிக் கொடுத்தால், 'கால் ஒடிந்து வாசலில் கிடந்த பூனையை அப்பா பரிவோடு தூக்கி வந்தார்' என்று மறுநாள் வரும். சிவப்புக் கோட்டைவிட அந்தக் கேள்வி கூடுதல் மையைச் செலவழிப்பதில்லை. நாற்பது ஏடுகள் உள்ள வகுப்பில் எல்லோருக்கும் எழுத நேரம் இராது என்பது மெய்தான். ஒரு நாளைக்கு ஐந்து ஏடுகளுக்கு எழுதினாலும் எட்டு நாளில் வகுப்பு முழுதும் ஒரு சுற்று வந்துவிடும்.

தவறிப்போன வாக்கியங்களையும் எறிந்துவிடலாகாது. ஆசிரியர் ஒரு கோடிட்ட ஏட்டை இதற்கென வைத்துக்கொண்டு, இடப்பக்கத்தில் சொல்லையும் தாம் எழுதிய எடுத்துக்காட்டு வாக்கியங்களையும், வலப்பக்கத்தில் பிள்ளைகள் எழுதிய கோணல் வாக்கியங்களையும் பெயர் குறிக்காமல் எழுதி வரலாம். அடுத்த ஆண்டு அவ்வகுப்பை ஏற்கும் ஆசிரியருக்கு அந்த வலப்பக்கம் பெரிதும் பயன்படும். 'ஈன்றது' என்பதற்கு நேரே, முதற்பரிசை ஈன்ற அண்ணன் அங்கே இருப்பான். அதைக் கண்ட புதிய ஆசிரியர், 'பெற்றது' என்று பலகையில் எழுதப் போன கையை நிறுத்தி, 'விடியற்காலையில் எங்கள் பக்கத்து வீட்டுப் பசு கன்று ஈன்றது. ஈரம் காயாத அந்தக் கன்று எழுந்து நிற்க முயன்று இரண்டு முறை விழுந்தது' என்று தொடங்குவார்.